கீமோ என்ன பாவம் செய்தது?

2021 பிப்ரவரியில், கோவையில் ஒரு மருத்துவமனை அறையில் நான் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். கேட்டவர்கள் மூன்று பேர்: புற்றுநோய் மருத்துவர், மாமா, அத்தை. அத்தைக்கு அப்போது 61 வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடி, சிகரெட் வாசனைகூட ஆகாது. ஐந்து மாதமாக விடாத இருமல். முதலில் சளி என்றார்கள். அப்புறம் டிபியாக இருக்கலாம் என்றார்கள். கடைசியில் பயாப்ஸி. நுரையீரலில் அடினோகார்சினோமா, நான்காம் நிலை. கூடவே ஒரு மரபணுப் பரிசோதனை முடிவும் வந்தது: ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் பிறழ்வு, எக்ஸான் 19 நீக்கம்.

அந்தக் கடைசி வரியைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். நான்கு ராத்திரி தூங்காமல் இணையத்தில் படித்திருந்தேன். இந்த மியூட்டேஷன் இருந்தால் அதற்கென்றே ‘டார்கெட்டட் தெரபி’ இருக்கிறது, தினம் ஒரு மாத்திரை, வீட்டிலேயே இருக்கலாம், முடி கொட்டாது. லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். “மாத்திரை மட்டும் குடுக்கலாம். இல்லேன்னா மாத்திரையோட கீமோவும் சேர்த்துக் குடுக்கலாம். மும்பை டாடா மெமோரியல்ல ஒரு ஸ்டடி பண்ணியிருக்காங்க. சேர்த்துக் குடுத்தா ரிசல்ட் நல்லா இருக்கு. ஆனா கஷ்டமும் கொஞ்சம் ஜாஸ்தி.”

இந்த இடத்தில்தான் என் சொற்பொழிவு. “டார்கெட்டட் தெரபியே வந்தாச்சே சார், அப்புறம் எதுக்குக் கீமோ? அது போன தலைமுறை ட்ரீட்மெண்ட் இல்லையா? நல்ல செல், கெட்ட செல் எல்லாத்தையும் சேர்த்துக் கொல்லும். வெளிநாட்டுல இப்ப எல்லாம் மாத்திரைதான். மும்பைல ஒரு ஸ்டடின்னா...” என்று இழுத்தேன். மும்பை என்ற சொல்லை உச்சரித்த விதம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பாஸ்டன் என்றிருந்தால் அப்படி இழுத்திருக்க மாட்டேன்.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மருத்துவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “சரி, உங்க இஷ்டம்” என்றார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ படிச்சவன் கண்ணு. நீ சொன்னாச் சரி.”

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ்.

இந்தக் கட்டுரை அந்தச் சொற்பொழிவுக்கு நானே எழுதும் மறுப்பு. என் குற்றவுணர்வைத் தீர்த்துக்கொள்வது மட்டும் நோக்கம் என்றால் டைரியில் எழுதியிருப்பேன். அதே சொற்பொழிவை இன்று கல்யாண வீட்டில், அலுவலக கேண்டீனில், குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்கிறேன். பேசுபவர் எப்போதும் என்னைப் போன்ற ஒருவர்தான். நன்றாகப் படித்தவர், நல்ல சம்பளம் வாங்குபவர், வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். அவர் சொல்லும் கதை இது: கீமோ பழைய காட்டுமிராண்டி வைத்தியம், இலக்கு மருந்து புதிய அறிவியல், புதியது வந்துவிட்டால் பழையது தேவையில்லை. இந்தக் கதை பொய். சில புற்றுநோய்களில் இந்தப் பொய்க்கு விலை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆயுள்.

புது வெர்ஷன் வந்தாச்சு

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. புது வெர்ஷன் வந்தால் பழசை ‘லெகஸி’ என்று முத்திரை குத்திவிடுவோம். குத்திய பிறகு அதைப் பற்றிப் பேசுவதே கௌரவக் குறைச்சல். இத்தனைக்கும் உலகத்தின் பல வங்கிகள் இன்னமும் கோபால் மொழியில் எழுதிய நிரல்களில்தான் ஓடுகின்றன. அந்த ஒழுங்கில் மருந்துகளையும் அடுக்கிவிட்டோம்: ஒன்றாம் வெர்ஷன் கீமோ, இரண்டாம் வெர்ஷன் இலக்கு மருந்து, மூன்றாவது இம்யூனோதெரபி.

தேதிகளைப் பாருங்கள். அத்தைக்குக் கொடுத்த ஜெஃபிடினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2003 மே மாதம். அதனுடன் சேர்க்கலாம் என்று மருத்துவர் சொன்ன பெமெட்ரெக்ஸட் என்ற கீமோ மருந்து அங்கே முதல் அனுமதி பெற்றது 2004 பிப்ரவரி. நான் ‘போன தலைமுறை’ என்று ஒதுக்கிய மருந்து, நான் ‘புதுசு’ என்று கொண்டாடிய மருந்தைவிட ஒன்பது மாதம் இளையது! இதைச் சரிபார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த நான்கு ராத்திரியில் அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் நான் தேடவே இல்லை.

‘கீமோ கண்மூடித்தனமாகக் கொல்லும், இலக்கு மருந்து குறிபார்த்துக் கொல்லும்’ என்பதும் பாதி உண்மைதான். பெமெட்ரெக்ஸட்டுக்கும் இலக்கு உண்டு. ஃபோலேட் என்ற பி வைட்டமினைப் பயன்படுத்தி டிஎன்ஏவுக்கான செங்கல்லை வார்க்கும் மூன்று நொதிகளை அது முடக்குகிறது. அந்த நொதிகள் நல்ல செல்லிலும் இருக்கின்றன, அதனால் நல்ல செல்லும் அடி வாங்குகிறது. ஜெஃபிடினிப்பும் தோலிலும் குடலிலும் உள்ள நல்ல ஈஜிஎஃப்ஆரைத் தொடுகிறது, அதனால்தான் முகமெல்லாம் கொப்புளமும் வயிற்றுப்போக்கும். 2002-இல் ஜப்பானில் இந்த மாத்திரை விற்பனைக்கு வந்த புதிதில் நுரையீரல் அழற்சியால் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டுமே வலுவான மருந்துகள். ஒன்றை விஷம் என்றும் மற்றதை அமுதம் என்றும் பெயரிட்டது விளம்பர மொழி.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. ‘கீமோ வெள்ளைக்காரன் விஷம், முள் சீத்தா அதைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி’ என்று ஃபார்வர்டு அனுப்புபவர்கள். அவர்களுக்கு ஒரு குடும்ப மரம் சொல்கிறேன். 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்துக்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளை வாட்டிய ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும்கூட அவர் வேலை செய்திருக்கிறார். ஈஸ்ட் சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அந்தப் பெண்களைத் தேற்றியது. அந்த ஏதோ ஒன்றுதான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிரிகளையும் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வகத்தை வழிநடத்தினார். அந்த எதிரிகளில் ஒன்றை வைத்து பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்தார். 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று 1948-இல் எழுதினார். பெமெட்ரெக்ஸட் அந்த வம்சத்தில் வந்த மருந்து. அதை ஏற்றுவதற்கு முன் பக்க விளைவைக் குறைக்க நோயாளிக்குத் தருவது ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும். இதில் எது வெள்ளைக்காரன் விஷம்?

ஒரே சுவிட்ச்

இலக்கு மருந்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அது செய்த காரியம் பெரியது.

ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லின் சுவரில் இருக்கும் காலிங் பெல் மாதிரி. வெளியிலிருந்து யாராவது அமுக்கினால் உள்ளே ‘வளரு, பிரி’ என்று மணி அடிக்கும். பிறழ்வு வந்தால் பொத்தான் அமுங்கியபடியே மாட்டிக்கொள்ளும், மணி நிற்காது. ஜெஃபிடினிப் அந்த மணிக்கு மின்சாரம் வரும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்தப் பிறழ்வோடு இருக்கிறார்கள். புகைபிடிக்காதவர்களிடம் இது அதிகம்.

மாத்திரை மட்டும் போதும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் இமாடினிப் வந்தது. ஒரே பிறழ்வு, ஒரே மாத்திரை, பெரும்பாலானோருக்கு ஏறக்குறைய இயல்பான ஆயுள். டைம் இதழின் அட்டையில் அந்த மாத்திரை இடம்பிடித்தது. புற்றுநோய் என்றால் இனி இப்படித்தான் என்று உலகமே நம்பியது. ஆனால் ஆரம்பக் கட்டச் சிஎம்எல் கிட்டத்தட்ட ஒரே சுவிட்சால் ஓடும் நோய். முற்றிய நுரையீரல் புற்றுநோய் அப்படியில்லை. அதில் ஈஜிஎஃப்ஆரோடு வேறு பல பிறழ்வுகளும் சேர்ந்தே இருக்கும். ஒரே கட்டிக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல கிளைகள் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. ஒரு பேச்சுக்கு, பத்து லட்சத்தில் ஒரு செல்லுக்கு ‘அ’ என்ற மருந்தைத் தாங்கும் குணம் இருக்கிறது என்று வையுங்கள். மருந்து கொடுக்கும் முன்பே ஆயிரம் செல்கள் தயாராகக் காத்திருக்கின்றன. மற்றவை சாக, இவை பெருகும். இப்போது வேறு வழியில் தாக்கும் ‘ஆ’ என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டையும் தாங்கும் செல் லட்சம் கோடியில் ஒன்று. அந்தச் சின்னக் கட்டியில் அப்படி ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை. நிஜப் புற்றுநோய் இவ்வளவு சுத்தமான கணக்கு இல்லை. இரண்டையும் ஒரே தந்திரத்தால் தப்பிக்கும் செல்களும் உண்டு, முற்றிய நோயில் கட்டிகளும் பெரியவை. ஆனால் திசை இதுதான்.

இது தமிழ்நாட்டுக்குத் தெரியாத பாடமும் இல்லை. 1948-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்த காசநோயாளிகளிடம் சில மாதங்களிலேயே மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலைதூக்கின. இரண்டாவது மருந்தைச் சேர்த்ததும் அது வெகுவாகக் குறைந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959-இல் அந்த மையம் நிரூபித்தது. உலகமே அந்த ஆய்வைப் பின்பற்றியது. அந்த மையத்தின் பெயர் என்ன தெரியுமா? டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர். ஐசோனியாசிட் வந்துவிட்டது, இனி மற்றது எதற்கு என்று அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை.

அத்தைக்கு டிபியோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள் என்றேன் அல்லவா? டிபியாகவே இருந்திருந்தால் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

எண்கள்

சேர்த்துக் கொடுப்பது என்ற யோசனை முதலில் தோற்றது. அதை மறைக்கக் கூடாது. 2004-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, கீமோவோடு ஜெஃபிடினிப் சேர்த்துப் பார்த்தார்கள். பலனில்லை. காரணம், பிறழ்வு இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எந்தப் பிறழ்வு இருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யும் என்பதே அந்த வருடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் ‘சேர்த்தால் பலனில்லை’ என்ற தீர்ப்பு மட்டும் பல வருடம் ஒட்டிக்கொண்டது.

2009-இல் ஆசிய நாடுகளில் நடந்த ஐபாஸ் ஆய்வு மாத்திரையையும் கீமோவையும் எதிரெதிரே நிறுத்தியது. பிறழ்வு இருந்தவர்களுக்கு மாத்திரை நோயை நீண்ட காலம் அடக்கியது. இல்லாதவர்களில் மாத்திரைக்குக் கட்டி சுருங்கியது நூற்றில் ஒருவருக்குத்தான். ‘மாத்திரை கீமோவை வென்றது’ என்ற தலைப்பு அங்கிருந்து வந்தது. ஆனால் அதே ஆய்வில் பிறழ்வு இருந்தவர்களின் மொத்த ஆயுளைப் பார்த்தால் இரண்டு அணிக்கும் ஏறக்குறைய சமம், சுமார் 21 மாதத்துக்கு மேல். ஏனென்றால் முதலில் கீமோ பெற்றவர்களில் பலர் பிறகு மாத்திரை பெற்றார்கள், மாத்திரை பெற்றவர்களில் பலர் பிறகு கீமோ பெற்றார்கள். நாம் ‘எதிர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் பெற்றார்கள் என்பதைக் கோட்டைவிட்டோம்.

இனி நான் ஏளனமாக இழுத்த அந்த மும்பை ஆய்வு. பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனையில், ஹாஃப்கின் நிலையம் இருக்கும் அதே பரேலில், வனிதா நொரோனா, குமார் பிரபாஷ் உள்ளிட்ட மருத்துவர்கள் ஈஜிஎஃப்ஆர் பிறழ்வுள்ள 350 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு ஜெஃபிடினிப் மட்டும். இன்னோர் அணிக்கு அதோடு பெமெட்ரெக்ஸட், கார்போபிளாட்டின். முடிவு 2019-இல் வந்தது. நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேர் தாண்டிய அளவு, மாத்திரை மட்டும் என்றால் 8 மாதம், சேர்த்தால் 16 மாதம். மாத்திரை அணியின் ஆயுள் நடுமதிப்பு 17 மாதம். சேர்த்த அணியில் ஆய்வை எழுதும்போதே பாதிக்கு மேல் உயிரோடு இருந்ததால் நடுமதிப்பைக் கணக்கிடவே முடியவில்லை. ஜப்பானில் 345 பேரிடம் இதே சேர்க்கையைப் பார்த்தபோது ஆயுள் 38.8 மாதத்திலிருந்து 50.9 மாதமானது.

‘அது ஜெஃபிடினிப், பழைய மாத்திரை. இப்போது ஓசிமெர்டினிப் வந்துவிட்டது, அதற்குக் கீமோ தேவையில்லை’ என்றார்கள் அடுத்து. மறுபடி வெர்ஷன் கதை! 557 பேரிடம் அதையும் சோதித்தார்கள். 2023-இல் வந்த ஃப்ளாரா 2 ஆய்வில் நோய் அடங்கியிருந்த காலம் 16.7 மாதத்திலிருந்து 25.5 மாதமானது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்தது. 2025-இல் ஆயுள் கணக்கும் வந்தது: தனியாக 37.6 மாதம், சேர்த்து 47.5 மாதம்.

நுரையீரலோடு முடியவில்லை. பிராஃப் வி600ஈ என்ற பிறழ்வு தோலில் வரும் மெலனோமாவில் இருந்தால், அதைத் தடுக்கும் மருந்துக்குத் தனியாகவே ஏறக்குறைய பாதிப் பேரிடம் கட்டி சுருங்குகிறது. அதே பிறழ்வு பெருங்குடல் புற்றுநோயில் இருந்தால் சுமார் 5 சதவீதம்தான். குடல் செல் ஒரு வழியை அடைத்தால் ஈஜிஎஃப்ஆர் வழியாகச் சுற்றிப் போகிறது. அங்கே இரண்டு இலக்கு மருந்துகளோடு கீமோவும் சேர்த்த பிரேக்வாட்டர் ஆய்வில், வழக்கமான சிகிச்சையில் 15.1 மாதமாக இருந்த ஆயுள் 30.3 மாதமானது. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம், பக்க விளைவு. நியாயமானது. டாடா ஆய்வில் கடுமையான பாதிப்புகள் மாத்திரை அணியில் 25 சதவீதம், சேர்த்த அணியில் 51 சதவீதம். ஃப்ளாரா 2-இல் 27-க்கு எதிராக 64. வெள்ளணு குறையும், ரத்தம் குறையும், சோர்வு அடித்துப்போடும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ் ஏற்ற வர வேண்டும். கோபியிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறி வரும் குடும்பத்துக்கு அந்தப் பயணமே ஒரு பக்க விளைவு. ஆனால் நம் மனதில் இருக்கும் கீமோ சினிமாவில் பார்த்த கீமோ. மொட்டைத் தலை, ரத்த வாந்தி, பின்னணியில் வயலின். பெமெட்ரெக்ஸட், கார்போபிளாட்டின் சேர்க்கையில் பெரும்பாலானோருக்குத் தலைமுடி முழுதாகக் கொட்டுவதில்லை. எந்தக் கீமோ என்று கேட்காமல் ‘கீமோவா, வேண்டாம்’ என்பது, எந்த ஊர் என்று கேட்காமல் பஸ்ஸிலிருந்து இறங்குவது போல.

இரண்டாவது ஆட்சேபம்: ‘முதலில் மாத்திரை, அது தோற்ற பிறகு கீமோ கொடுத்துக்கொள்ளலாமே?’ காகிதத்தில் அழகான திட்டம். அந்த ‘பிறகு’ பலருக்கு வருவதில்லை. நோய் திரும்பி வரும்போது மூளைக்குப் போயிருக்கலாம், எடை இறங்கியிருக்கலாம், கீமோவைத் தாங்கும் உடம்பு அப்போது இல்லாமல் போகலாம். டாடா ஆய்வை விமர்சித்தவர்கள், மாத்திரை அணியின் 17 மாதம் மற்ற நாடுகளைவிட மிகக் குறைவு, அங்கே அடுத்த கட்ட மருந்து பலருக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றார்கள். இருக்கலாம். அப்படியானால் அடுத்த கட்டம் கிடைக்காத நாட்டில் முதல் கட்டத்திலேயே கையில் இருப்பதையெல்லாம் பயன்படுத்த வேண்டும் என்றுதானே அர்த்தம்? அந்த விமர்சனம் இந்திய நோயாளிக்குச் சாதகமான வாதம்.

மூன்றாவது, காசு. ஓசிமெர்டினிப்பை முழு விலைக்கு வாங்கினால் மாதம் லட்ச ரூபாயைத் தாண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரி விலக்கு கொடுத்த பிறகும் அது நடுத்தர வர்க்கத்துக்கு எட்டாக்கனிதான். ஜெஃபிடினிப், பெமெட்ரெக்ஸட், கார்போபிளாட்டின் மூன்றும் இந்தியாவில் ஜெனரிக்காகக் கிடைக்கின்றன. டாடா ஆய்வின் மகத்துவமே அதுதான். நம்மவர்கள் வாங்கக்கூடிய மருந்துகளை வைத்து நம்மவர்களிடம் செய்த ஆய்வு. அப்போதே மேலைநாடுகள் ஓசிமெர்டினிப்புக்கு நகர்ந்துவிட்டதால் அவர்கள் அந்த முடிவு தங்களுக்குப் பொருந்துமா என்று தயங்கியதில் நியாயம் உண்டு. நாம் ஏன் தயங்கினோம்? அவர்களின் தயக்கத்தையும் இறக்குமதி செய்துகொண்டோம். நான் அப்படித்தான் செய்தேன்.

நான்காவது ஆட்சேபத்தை நானே எழுப்புகிறேன். எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா? கூடாது. ஏஎல்கே பிறழ்வுள்ள நுரையீரல் புற்றுநோயில் லார்லாடினிப் என்ற மாத்திரை மட்டுமே எடுத்தவர்களில், ஐந்து வருடம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறவில்லை. அங்கே கீமோவைச் சேர்க்க இன்று அவசரமில்லை. சிஎம்எல்லில் அந்தக் கேள்வியே எழாது. எழுபத்தெட்டு வயதில், சிறுநீரகம் பலவீனமான ஒருவர் ‘எனக்கு மாத்திரை போதும், இருக்கிற நாளைப் பேரனோடு கழிக்கிறேன்’ என்றால் அதைவிடச் சரியான முடிவு கிடையாது. நான் கீமோவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ‘பழசு’ என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு வாய்ப்பையே மேசையிலிருந்து தள்ளிவிடும் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

யாரைத் திட்டுவது?

மருந்துக் கம்பெனிகளைத் திட்டலாம். புதியதை விற்கப் பழையதைப் பழிப்பது அவர்கள் தொழில். மருத்துவமனைகளைத் திட்டலாம். ஒரு நோயாளிக்கு ஏழு நிமிடம் ஒதுக்கினால் எந்த மருத்துவரும் ‘உங்க இஷ்டம்’ என்றுதான் முடிப்பார். இரண்டு வழி, இரண்டின் எண்கள், இரண்டின் கஷ்டங்கள் மூன்றையும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு நோயாளியின் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்? பயாப்ஸியோடு மரபணுப் பரிசோதனையும் எல்லோருக்கும் நடந்தாக வேண்டும், அதுவும் காப்பீட்டில் வர வேண்டும் என்று கேட்கலாம். பிறழ்வே தெரியாதவருக்கு இந்தக் கட்டுரையின் ஒரு வரியும் உதவாது.

ஆனால் என் கோபம் முதலில் நம் மேல்தான். வீட்டுக்கு ஒரு படித்தவன் இருக்கிறான். மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறான். மொழிபெயர்க்கும்போதே தணிக்கையும் செய்கிறான். தனக்குப் பிடிக்காத வாய்ப்பை ‘அது வேண்டாங்கத்தை, ரொம்பக் கஷ்டம்’ என்று ஒரே வரியில் முடிக்கிறான். ஆராய்ச்சிக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு ஆராய்ச்சி செய்ததாக நம்புகிறான். அவனுடைய பயத்துக்கு அறிவியல் என்று பெயர் வைத்துக்கொள்கிறான்.

அத்தைக்கு மாத்திரை அருமையாக வேலை செய்தது. மூன்று வாரத்தில் இருமல் நின்றது. பேத்தி சீருக்கு முன்னால் நின்று பந்தி விசாரித்தார். குடும்பக் குழுவில் எனக்குக் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. பதினோராம் மாதம் தலைவலி. ஸ்கேனில் மூளையில் இரண்டு இடம், ஈரலில் பல. அடுத்த மாத்திரைக்கு வழி இருக்கிறதா என்று ரத்தத்தில் டி790எம் பிறழ்வைத் தேடினார்கள். இல்லை. இனிக் கீமோதான் என்றார் மருத்துவர், ஆனால் முழு அளவில் ஏற்ற உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு சுற்று ஏற்றினார்கள். 2022 ஜூனில் போய்விட்டார்.

முதலிலேயே சேர்த்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? நான்காம் நிலையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. இன்னும் எட்டு மாதம் கூடியிருக்குமா? நடுமதிப்பு ஒரு தனி மனுஷிக்கு எதையும் உறுதி சொல்லாது. மூன்றாம் மாதமே கீமோ தாங்காமல் படுத்திருக்கவும் கூடும், பேத்தி சீரைப் பார்க்காமல் போயிருக்கவும் கூடும். அத்தைதான் அதை எடைபோட்டிருக்க வேண்டும். முப்பது வருடம் இருநூறு பிள்ளைகளுக்குத் தினமும் அரிசி பருப்பு அளந்து கணக்கு எழுதியவர். எட்டுக்கும் பதினாறுக்கும், இருபத்தைந்துக்கும் ஐம்பத்தொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் புரிந்திருக்காதா?

அந்த அறையில் அவரிடம் யாரும் கேட்கவில்லை. மருத்துவர் என்னைப் பார்த்துப் பேசினார், நான் மருத்துவரைப் பார்த்துப் பேசினேன். நாளை உங்கள் வீட்டிலும் அந்த முதல் போன் உங்களுக்கு வரும். போங்கள், கூட உட்காருங்கள், எண்களைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். “எந்தக் கீமோ, எத்தனை சுற்று, சேர்த்தால் எவ்வளவு, சேர்க்காவிட்டால் எவ்வளவு?” என்று கேளுங்கள். பிறகு திரும்பி, நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவருடைய மொழியில் அதைச் சொல்லிவிட்டு, அவர் பேசும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.